ஒரு பகல் நிழல்

ஆல்டர்பரோவில் காலை ஏழரைக்கு மரம் வெட்டுவார்கள். தேவாலய மணி பிந்தலாம், பள்ளிக்கூட மணி பழுதாகலாம், மெசின் வாளின் சத்தம் மட்டும் ஒருநாளும் பிந்தியதில்லை என்பதால் ஊர் அதை வைத்தே பொழுதை நடத்தியது; வாள் உறுமத் தொடங்கியதும் பேக்கரிக்காரர் கதவைத் திறப்பார், பிள்ளைகள் ஒற்றைச் சப்பாத்தைத் தேடி ஓடுவார்கள், கோதுமை லொறிச் சாரதிகள் தேத்தண்ணியை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு எழும்புவார்கள். வெட்டப்படுவது ஒரே மரம். நேற்று வெட்டியதும் அதுதான், முந்தாநாள் வெட்டியதும் அதுதான். ஒன்றரை வருடமாக அதை விழுத்தி, துண்டு போட்டு, லொறியில் ஏற்றி, அடிக்கட்டையை மாவாக அரைத்து, தார் வீதியைக் கூட்டித் துப்புரவாக்கிவிட்டுப் போகிறார்கள். விடியும்போது அது அதே இடத்தில், புறவழிச்சாலையின் நட்டநடுவே, தாரில் ஒரு கீறல்கூட விழாமல், கிளை நிறையப் பறவைகளோடு நிற்கிறது.

மரம் வந்துவிட்டது என்று ஊர் சொல்லும். கோரல் அப்படிச் சொல்வதில்லை. அது எங்கே போனது வருவதற்கு என்று கேட்பாள். ஐம்பத்திரண்டு வயது, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைக் கொதிநீரில் போட்டு எடுக்கிற வேலை, எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லப் பிடிக்காத வாய். ஊருக்குப் பெயர் கொடுத்த ஆல்டர் பிரபு இந்த நாட்டுப் பக்கம் தலைவைத்தும் படுத்தவரல்ல; அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கு எத்தனையோ ஆயிரம் வருடம் முன்பே பூர்வகுடிகளான கோரலின் ஆட்கள் அந்த ஆற்றின் இரண்டு கரையிலும் இருந்தவர்கள். இப்போது அவர்களுக்கு இருப்பது ரயில் பாதைக்குப் பின்னால் அரைத் தெரு.

மரம் ஆற்றங்கரை யூக்கலிப்டஸ் இனம், வெட்டினால் உள்ளே பச்சை இறைச்சி மாதிரிச் சிவப்பு. அடியில் இரண்டு பெண்கள் கால் நீட்டி உட்காரக்கூடிய பொந்து ஒன்று உண்டு. கோரலின் தாய் கோரலை அங்கேதான் பெற்றாள். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் கறுத்தப் பெண்களை உள்ளே எடுக்காமல் வெளி விறாந்தையில் படுக்கவைத்தார்கள், விறாந்தையைவிடப் பொந்து சுத்தமாக இருந்தது. ஆனால் பொந்து பெரிய விசயமல்ல. பெரிய விசயம் நிழல். அந்தக் குடும்பத்தில் பிள்ளை எங்கே பிறந்தாலும், நிலவு ஒரு சுற்றுச் சுற்றி முடிவதற்குள் நச்சுக்கொடியைக் கொண்டுபோய் அந்த மரத்தின் வேரில் புதைப்பார்கள். புதைத்த அன்று, காலையில் நிழல் மேற்கே நீண்டு கிடக்கிற நேரம் தொடங்கி மாலையில் அது கிழக்கே நீண்டு கரைகிற நேரம் வரைக்கும், பிள்ளையை நிழலுக்குள்ளேயே, நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்து நகர்ந்து வைத்திருப்பார்கள். அந்தப் பகல் முடிந்தால்தான் பிள்ளை வந்து சேர்ந்துவிட்டது என்று கணக்கு. அதுவரை அது விருந்தாளி.

மிஷன்காரர்கள் மொழியை எடுத்தார்கள், நலன்புரித் திணைக்களத்தின் கறுப்புக் கார் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து எடுத்தது, பாட்டு எப்போது போனது என்று யாருக்கும் தெரியாமலே போனது. அந்தப் பகல் மட்டும் தப்பிவிட்டது. ஒரு பெண் ஒரு குழந்தையோடு மரத்தடியில் இருப்பதைப் பார்த்தால் வெயிலுக்கு ஒதுங்கியிருக்கிறாள் என்றுதானே எவரும் நினைப்பார்கள், அதனால் அதைத் தடைசெய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை. கோரல் அந்த நிழலில் இருந்தவள். அவள் மகள் டாலியாவும் இருந்தவள். இப்போது டாலியா வயிற்றில் ஏழு மாதம்.

முதல் தடவை வெட்டியபோது கோரலும் இன்னும் சிலரும் மரத்தைச் சுற்றி நின்றார்கள், பொலிஸ் வந்து ஒவ்வொருவராகத் தூக்கி வேலிக்கு அப்பால் வைத்தது, மரம் விழுந்தது, ஊரில் பாதி கைதட்டியது, மீதி தலையைக் குனிந்துகொண்டு கைதட்டியது. அடுத்த நாள் விடிய மரம் நின்றது. பிழையான மரத்தை வெட்டிவிட்டோமாக்கும் என்று ஒப்பந்தக்காரர் திரும்ப வெட்டினார். மூன்றாம் நாள் அவருக்கே வெட்கமாக இருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வந்து மண்ணைக் குழாய் குழாயாக எடுத்துப்போனார்கள். பாதிரியார் ஒருவர் வந்து பொதுவாக ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். இளைஞர்கள் கதிரை போட்டு விடியவிடிய விழித்திருந்து பார்த்தார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் கொட்டாவி விட்ட சமயத்தில் அது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஏன் என்று கேட்பதை ஊர் விட்டுவிட்டது. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டது. பள்ளி பஸ் எட்டரைக்குப் போகவேண்டும், ஆகவே ஏழரை.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள், ஆல்டர்பரோவுக்கு அதிசயம் புளிக்கவில்லை, இனித்தது. வெட்டிய மரம் மறைந்துபோவதில்லை, விறகு விறகாகவே கிடக்கும், ஆகவே அந்தக் குளிர்காலம் ஒரு வீட்டிலும் காசு கொடுத்து எரிவாயு வாங்கவில்லை. எல்லாத் தோட்டத்திலும் சிவப்புச் சிராய் பரப்பினார்கள். மதுக்கடைக்குப் புது மேசை, காற்பந்துக் கழகத்துக்குப் புதுக் கூரை, தேவாலயத்துக்குப் புது வாங்குகள், எல்லாம் ஒரே மரம். எடுக்க எடுக்கக் குறையாத சாமான் கையில் கிடைத்தால் அது யாருடையது என்று கேட்பது அந்த ஊரின் வழக்கத்தில் இல்லை, வந்த நாளிலிருந்தே இல்லை. வெளியூர்க்காரர் பார்க்க வந்தார்கள், அவர்களுக்கு வீதியோரம் முட்டையும் பாணும் விற்றார்கள். நகரசபை அந்த வேலைக்கு வீதிப் பராமரிப்பு என்று பெயர் வைத்தது.

இதையெல்லாம்கூடக் கோரல் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். அவளால் பொறுக்க முடியாதது ஏழு இருபத்தைந்துக்கு நடப்பது. அந்த நாட்டில் இப்போது எந்தக் கூட்டத்தைத் தொடங்குவதென்றாலும், பாலம் திறந்தாலும் பந்தாட்டம் நடந்தாலும், முதலில் ஒருவர் எழுந்து இந்த மண்ணின் மரபுவழிக் காவலர்களை மதிப்போடு நினைவுகூருகிறோம், அவர்களுடைய மூத்தோரை வணங்குகிறோம் என்று சொல்லவேண்டும்; ஆல்டர்பரோவில் காவலர் என்றால் கோரலின் ஆட்கள். நல்ல பழக்கம், கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நகரசபை முகாமையாளர் கிரேம் ஹட்லி, மெல்லிய குரல்காரர், எவரையும் புண்படுத்தக் கூடாது என்பதற்காகவே பிறந்தவர், மரம் வெட்டுவதும் ஒரு பொது நிகழ்ச்சிதான் என்று தீர்மானித்தார். ஆகவே தினமும் காலையில் வேலையாட்கள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார்கள், முறை வந்தவர் பிளாஸ்ரிக் உறையிட்ட தாளைப் பார்த்து வாசிப்பார், எல்லோரும் தலை குனிவார்கள், பிறகு வாள். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதைச் சட்டமாகவே எழுதிவைத்தார்கள்: மரியாதைச் சொல் முடியும்வரை இயந்திரம் எதுவும் இயங்கக் கூடாது, எவரும் நடுவில் போகக் கூடாது, மரபுவழிக் காவலர் ஒருவர் நேரில் வந்து வரவேற்புச் சடங்கு செய்ய இணங்கினால் அதற்கே முதலிடம். அந்தக் கடைசிப் பகுதிக்காக ஹட்லி கோரலை எட்டுத் தடவையாவது கேட்டிருப்பார். எட்டுத் தடவையும் அவள் கதவைச் சாத்தினாள்.

டாலியாவுக்கு ஏழு மாதம் ஆனதும் கோரல் தானாகவே ஹட்லியிடம் போனாள். கேட்பது அவளுக்குப் பிடிக்காத வேலை. ஒரு பகல், ஒரே ஒரு பகல், மரத்தை விட்டுவையுங்கள் என்றாள், காரணத்தையும் சொன்னாள், சொன்னதே தன் உடுப்பைக் கழற்றியது போல அவளுக்கு இருந்தது. ஹட்லி கண் கலங்கக் கேட்டார். பிறகு, அந்த மரம் போன வருடம் மார்ச் மாதமே முறைப்படி அகற்றப்பட்டுவிட்டது, இல்லாத மரத்தை விட்டுவைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார்.

"அப்ப இல்லாத மரத்தை ஏன் நாளாந்தம் வெட்டுறியள்?"

"வெட்டுறேல்லை, கோரல். அது வீதிப் பராமரிப்பு."

ஆனால் அவளுடைய மனம் நோகக் கூடாதே. இரண்டு கிழமையில் ஹட்லி நல்ல செய்தியோடு அவள் வீட்டுக்கே வந்தார். மரத்தைப் பெரிதாகப் படமெடுத்து, அந்தப் படத்தை நிழற்துணியில் அச்சடித்து, வீதியோரப் பூங்காவில் நாலு கம்பத்தில் கட்டித் தருவார்கள், அதன் கீழே டாலியா விரும்பிய மட்டும் இருக்கலாம். கோரல் வேண்டாம் என்றாள். அடுத்து மரத்தின் பலகையிலேயே ஒரு தொட்டில் செய்து கொண்டுவந்தார்கள், தச்சுவேலை நன்றாகத்தான் இருந்தது. அதையும் திருப்பி அனுப்பினாள். வேறொரு மரத்தடியில் செய்தால் என்ன, ஆற்றோரம் எத்தனையோ நிற்கிறதே என்று அவர் மிகவும் பணிவாகக் கேட்டபோது, அப்படியென்றால் உங்களுக்கும் வேறொரு தாயைப் பார்த்துத் தரட்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். கல்லில் நார் உரிக்கிற வேலை என்றால் நகம் பிய்ந்தாலும் கல் கல்லாக எதிரே நிற்கும். இது பஞ்சு மூட்டையைக் குத்துகிற வேலையாக இருந்தது. எங்கே குத்தினாலும் உள்ளே வாங்கிக்கொண்டு நன்றி சொன்னது.

பக்கத்துக் காணிக்காரர் ட்ரெவரிடம் போனாள். முப்பது வருடமாக ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள். அவருடைய மனைவி சாகக் கிடந்தபோது விரிப்பு மாற்றியவள் கோரல். அறுவடைக் காலம், லொறிகள் நிற்கமுடியாது என்றார் ட்ரெவர், அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது, லொறிகளில் பாதி அவருடையவை.

கடைசியாக வாள் பிடிக்கிறவனிடமும் போனாள். அமிர்தசீலன் என்று பெயர், ஊர் அதைச் சீலன் என்று சுருக்கியது, முல்லைத்தீவுப் பக்கத்துத் தமிழன், கடலைத் தாண்டி வந்து பத்து வருடமாகத் தற்காலிக விசாவில் இருப்பவன், ஒப்பந்தக்காரர் ஒரு கையெழுத்து வைக்காவிட்டால் அவனுடைய இருப்பே கேள்விக்குறி. ஊரில் வேறு யாரும் அழைக்காத மாதிரி அவன்தான் அவளை அன்ரி என்று அழைத்தான், அவளுடைய ஆட்களும் வயதில் மூத்த பெண்ணை அப்படித்தான் அழைப்பார்கள் என்பதால் அவளுக்கு அவன்மேல் கோபம் முழுதாக வரவில்லை. ஒரு நாள் சுகமில்லை என்று சொல்லேன் என்றாள். அவன் வாளின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

"நான் வெட்டாட்டி இன்னொருத்தன் வந்து வெட்டுவான், அன்ரி."

"இஞ்ச வந்த எல்லாரும் அப்பிடித்தான் தம்பி சொன்னவை."

அவனுக்கு அது சுட்டது, சுடட்டும் என்றுதான் அவள் சொன்னாள், ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்குத்தான் நெஞ்சு எரிந்தது. வீடு எரிக்கப்பட்டு ஓடவைக்கப்பட்டவனும், வீட்டுக்குள் இருந்துகொண்டே வெளியில் நிற்பவளும் ஒருவரை ஒருவர் குத்திக்கொள்ளும்படி ஊர் எவ்வளவு வசதியாக ஏற்பாடு செய்திருக்கிறது என்று நினைத்து நினைத்து ஆத்திரப்பட்டாள்.

நவம்பர் தொடக்கத்தில் டாலியாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. நச்சுக்கொடியை ஆஸ்பத்திரியில் ஒரு பழைய ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள், அது கோரலின் குளிர்பெட்டியில் மீன் துண்டுகளுக்கும் பச்சைப் பட்டாணிக்கும் நடுவில் இருந்தது, பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் நிலவு சுற்றி முடிய எத்தனை நாள் மிச்சம் என்று அவள் எண்ணினாள். நிலவு வளர்ந்து, நிறைந்து, தேயத் தொடங்கியது. டாலியா பிள்ளைக்குப் பெயர் வைக்க மாட்டேன் என்றாள். விருந்தாளிக்கு ஏன் அம்மா பெயர் என்று அவள் கேட்டது பகிடியாகத்தான், ஆனால் பிள்ளை பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பி யன்னலைப் பார்த்து அழுத நாட்களில் இருவரும் அந்தப் பகிடியைத் திரும்பச் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹட்லி ஒன்பதாம் தடவையாக வந்தார். புறவழிச்சாலை திறந்து ஒரு வருடம் ஆகிறது, மாநில அமைச்சர் வருகிறார், தொலைக்காட்சி வருகிறது, இந்த ஒரு முறையாவது தாளில் வாசிப்பதை விட்டுவிட்டுக் கோரல் நேரில் நின்று தன் ஆட்களின் முறைப்படி வரவேற்புச் சடங்கு செய்தால் ஊருக்கே பெருமை என்றார். ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத கதைதான், ஆனால் இந்த ஓநாய் உண்மையாகவே அழுகிற ஓநாய், அதுதான் அவளுக்கு எரிச்சல். கதவைச் சாத்தக் கையை வைத்தாள். உள்ளே பிள்ளை அழுதது. கையை எடுத்தாள்.

நான் முடிக்கும்வரை வாள் கிளம்பாதுதானே என்று கேட்டாள். கிளம்பாது, அது விதி என்றார் ஹட்லி, தன் வாழ்நாளிலேயே காணாத மகிழ்ச்சியோடு. எவ்வளவு நேரம் என்று விதியில் உண்டா என்று கேட்டாள். பண்பாட்டுக்கு நேரம் வைப்பது அவமரியாதை இல்லையா என்றார் அவர்.

அன்று விடிய மரம் நின்றது. மேடை, கொடி, அமைச்சர், கறுப்புக் கண்ணாடி போட்ட உதவியாளர்கள், ஊர் முழுக்க, முட்டையும் பாணும் விற்கிற வண்டி, வரிசையில் முதலாவதாக ட்ரெவரின் கோதுமை லொறி, எல்லாம் வந்துவிட்டன. சீலன் வாளைக் காலடியில் வைத்துக் கவசத்தைக் கழற்றி நின்றான். கோரல் சலவைக்கூட உடுப்போடு வந்தாள், டாலியா பிள்ளையை ஏணையில் கட்டிக்கொண்டு பின்னால் வந்தாள், ஒருவரும் தடுக்கவில்லை, அதுவும் சடங்கு என்று நினைத்தார்கள். டாலியா சிறு மண்வெட்டியால் வேரின் அருகே தோண்டிப் பெட்டியில் இருந்ததைப் புதைத்தாள். தார் போட்ட வீதி அவளுடைய மண்வெட்டிக்கு ஈர மண்ணாகத்தான் இடம் கொடுத்தது, அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு மேற்கே நீண்டு கிடந்த நிழலில் உட்கார்ந்தாள்.

கோரல் வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, தன் மொழியில் அவளிடம் இருந்த சொற்கள் ஒரு மூச்சுக்குள் முடிந்துவிடும். ஆறு, அம்மா, மீன், வா, இரு, பயப்படாதே. தாய் சமையலறையில் கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் சொல்லிக் கொடுத்தவை அவ்வளவுதான், மிச்சத்தை மிஷனில் சவர்க்காரம் போட்டு வாயிலிருந்து கழுவினார்கள். அவள் அவற்றைச் சொன்னாள். முடிந்துவிட்டது. ஹட்லி வாளின் பக்கம் பார்க்கத் தொடங்கினார். நிழல் இன்னும் ஓர் அடிகூட நகரவில்லை.

அதனால் அவள் தன்னிடம் நிறைய இருந்ததைச் சொல்லத் தொடங்கினாள். இந்த மேடை நிற்கிற இடத்தில் என் பூட்டியின் தங்கச்சியைச் சுட்டார்கள் என்று தொடங்கி, சுட்டவனின் பெயரில் இப்போது எந்தத் தெரு இருக்கிறது என்று சொன்னாள். எந்த ஆற்று வளைவில் மாவுக்குள் என்ன கலந்து கொடுத்தார்கள், எந்தப் பண்ணையில் யாருடைய தகப்பன் கூலியில்லாமல் புகையிலைக்காக இருபது வருடம் வேலி போட்டான், அந்த வேலியைத் தாண்டி மீன் பிடிக்கப் போனதற்காக அவன் மகன் எத்தனை நாள் மறியலில் அடைபட்டிருந்தான், கறுப்புக் கார் எந்தச் சந்தியில் நின்றது, எந்தப் பிள்ளை கட்டிலின் கீழே ஒளித்தது, எந்தப் பிள்ளையை நாய் காட்டிக்கொடுத்தது, திரும்பி வந்தவர்கள் யார், திரும்பி வந்தும் தாயை அடையாளம் தெரியாமல் போனவர்கள் யார் என்று, மூச்சு விட நிறுத்தி, மூச்சு விட்டுத் தொடர்ந்து, பெயர் பெயராக, வீடு வீடாகச் சொன்னாள். எதிரே நின்றவர்களின் குடும்பப் பெயர்களும் அதில் வந்தன, அவர்கள் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்தார்கள். ட்ரெவரின் காணிக்கு முந்தி என்ன பெயர் என்று சொன்னாள். அவர் மிக மரியாதையாகத் தலையாட்டினார்.

அதுதான் அவளை வெறிபிடிக்க வைத்தது. நாற்பது வருடமாக நகரசபையில், ஆஸ்பத்திரியில், தபால் நிலைய வரிசையில் வாயைத் திறந்தபோதெல்லாம் பொறு, பிறகு, இது இடமில்லை என்று வெட்டியவர்கள், இன்றைக்கு இதே சொற்களைச் சடங்கு என்ற பெயரில் தொப்பியைக் கழற்றிக் கேட்டுக்கொண்டு நின்றார்கள், ஒரு சொல்லும் உள்ளே இறங்காமல், பாட்டின் பொருள் தெரியாமல் தாளம் போடுகிறவர்கள் மாதிரி. செவிடன் காதில் ஊதிய சங்கென்றால் ஊதியவனுக்கு ஊதியது தெரியும், இங்கே செவிடன் கைதட்டவும் தயாராக நின்றான்.

பத்து மணிக்கு லொறிகள் ஆற்றுப் பாலம் வரை நின்றன. கமெராக்கள் இருந்ததால் அமைச்சர் அசையவில்லை, அமைச்சர் அசையாததால் ஹட்லி அசையவில்லை, ஹட்லி அசையாததால் ஊர் அசையவில்லை. வயதானவர்களுக்குக் கதிரை வந்தது, பிறகு தண்ணீர், பிறகு இறைச்சி வைத்த பேக்கரிப் பலகாரம். வெயில் ஏறியது. நிழல் சுருங்கி அடிமரத்தோடு ஒட்டியது, டாலியா பிள்ளையோடு பொந்துக்கு அருகே போனாள், பிள்ளை பால் குடித்தது, நிழல் மறுபக்கம் எட்டிப்பார்த்தது, டாலியாவும் நகர்ந்தாள். கோரலின் தொண்டை பழைய தகரம் மாதிரி ஆகிவிட்டது. சலவைக்கூடத்தில் தன்னோடு வேலை செய்தவர்களின் பெயர்களைச் சொன்னாள். மரத்தில் பூத்ததும் பூக்காததுமான வருடங்களைச் சொன்னாள். நாலு மணிக்கு, சூரியன் விழ இன்னும் பொழுது கிடக்க, அவளிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

வாய் மூடிக்கொண்டது. நிழல் இன்னும் கிழக்கே பாதி வழியில் கிடந்தது. இனி வாள் என்று நினைத்தாள். டாலியாவைப் பார்க்கத் துணிவில்லாமல் நேரே பார்த்துக்கொண்டு நின்றாள், யாராவது ஒருவர் முடிந்துவிட்டது என்று சொல்லப்போகிறார், இது ஒரு சடங்கே இல்லை, இவள் எங்களை ஏமாற்றுகிறாள் என்று படித்த ஒருவர் எழுந்து சொல்லப்போகிறார் என்று காத்துக்கொண்டு நின்றாள்.

ஒருவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஹட்லி மெதுவாக ட்ரெவரின் பக்கம் சரிந்தார்.

"முடிஞ்சுதோ?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"முப்பது வருசமாப் பக்கத்தில இருக்கிறியள்."

"இருக்கிறன்தான். நான் ஒருநாளும் கேட்டதில்லையே."

உதவியாளர் ஒருவர் பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி எடுத்தார், ஒவ்வொரு மக்களுக்கும் ஒவ்வொரு முறை, பிழையாக இடைமறித்தால் பெரிய அவமதிப்பாகிவிடும் என்று அங்கிருந்து எச்சரித்தார்கள். சீலனிடம் கேட்டார்கள். முடிந்தால் அவவே சொல்லுவா என்றான் அவன், வாளைத் தூக்கவில்லை.

கோரலுக்கு அது மெல்ல மெல்ல விளங்கியது. இந்த ஊரில், இவ்வளவு பேரில், அவள் செய்வது தொடக்கமா முடிவா, சடங்கா சும்மாவா என்று சொல்லக்கூடிய ஆள் ஒன்றுகூட இல்லை. நூற்றெண்பது வருடம் பக்கத்தில் இருந்தும் ஒருவருக்கும் தெரியாது. அவள் ஒற்றைக் காலில் நின்றிருந்தாலும் நம்பியிருப்பார்கள். அவள் பயந்திருக்கத் தேவையே இல்லை, காலையிலிருந்து தொண்டை கிழியச் செத்தவர்களை ஒவ்வொருவராக இந்த வெயிலுக்குள் கூட்டிவந்திருக்கத் தேவையில்லை, முதல் ஆறு சொல்லோடு வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலே போதும். வெல்கிறோம் என்று தெரிந்த அந்த நேரத்தில் அவளுக்கு வந்தது மகிழ்ச்சி அல்ல, அடக்க முடியாத ஆத்திரம், அது கண்ணால் வழிந்தது. அதையும் படமெடுத்தார்கள்.

அப்படியே நின்றாள். நிழல் நீண்டது, வீதியைத் தாண்டி, வேலியைத் தாண்டி, காய்ந்த கோதுமைத் தாளில் ஏறி, நுனி எங்கே என்று தெரியாமல் மங்கி, நிலத்தோடு நிலமாகியது. டாலியா எழுந்தாள். பிள்ளை அவள் தோளில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது, பெயர் வைக்கலாம் என்று அவள் தாயிடம் தலையசைத்தாள்.

அடுத்த கூட்டத்திலேயே நகரசபை விதியைத் திருத்தி வரவேற்புச் சடங்குக்கு மூன்று நிமிடம் என்று வைத்தது. ஆனால் அன்று மாலை ஹட்லிக்கு அந்த யோசனை இன்னும் வரவில்லை. வெயிலில் வெந்து சிவந்த முகத்தோடு, கால் நோவோடு, அவர் எல்லோருக்கும் முன்னால் கோரலிடம் வந்து அவளுடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் இப்படி ஒன்றைத் தான் கண்டதில்லை என்றார், அவருக்கு உண்மையாகவே குரல் தழுதழுத்தது.

"அந்தக் கடைசிப் பகுதி, ஒண்டும் பேசாமல் நிண்டது, அதுதான் எல்லாரையும் உலுக்கிப்போட்டுது. உங்கட முறையில அதுக்கு என்ன பெயர், கோரல்?"

கோரல் கையை உருவிக்கொண்டு சொன்னாள்.

"அதுக்குப் பெயர் ஒண்டும் இல்லை. நீங்கள் எல்லாரும் எப்ப போவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மிக மரியாதையாகத் தலையைக் குனிந்து, அவள் தொடர்ந்து ஏதாவது சொல்லுவாளோ என்று அங்கேயே நின்றார்.